பழைய ராக், பாப் இசைக்காக வாதாடுவது எப்படி?

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கிட்டார் கற்றுக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடற்குழுவுடன் வாசிக்கிறேன். பீட்டில்ஸ், குயீன், பிங்க் ஃப்ளாய்ட், போனி எம், மைக்கேல் ஜாக்சன் என்று எதைப் போட்டுக் காட்டினாலும், அங்கிருக்கும் பிள்ளைகளில் ஒருவராவது, "இது தாத்தா காலத்துப் பாட்டு சார், இத இப்ப எதுக்குக் கேக்கணும்?" என்று கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். தாம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, கடல் தாண்டிய ஊரில், தமக்குப் பழக்கமில்லாத மொழியில் பாடப்பட்ட ஒன்றுக்காக அவர் ஏன் ஐந்து நிமிடம் செலவிட வேண்டும் என்பதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லும் முறையையே இங்கே எழுதுகிறேன். பாம்பனிலோ கீழக்கரையிலோ தேவிபட்டினத்திலோ உங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்துகொண்டிருந்தால், இதில் உள்ளவற்றை அப்படியே செய்து பார்க்கலாம்.

முதலில், விட்டுவிட வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். "எங்க காலத்துப் பாட்டு மாதிரி வருமா?" என்ற பேச்சை எடுக்கவே கூடாது. எடுத்த கணத்தில் அது நம் இளமையைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. நம் இளமை எதிரில் இருப்பவரின் காதில் விழாது. புதிய பாடல்களை மட்டம் தட்டுவதும் கூடாது. ஒருவருக்குப் பிடித்ததை இழிவாகப் பேசிவிட்டு, அடுத்த நிமிடமே நமக்குப் பிடித்ததைக் கவனமாகக் கேட்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? இத்தனை கோடி விற்றது என்ற கணக்காலும் பயன் குறைவு. அது கூட்டம் கூடியதைக் காட்டும். கூட்டம் எத்தனையோ காரணங்களால் கூடும்.

ஒரே ஒரு வகைக் கணக்கு மட்டும் நமக்கு உதவும். ஒரு பாட்டு பிறந்த காலத்தோடு எந்த உறவும் இல்லாதவர்கள், பின்னாளில் அதைத் தாமாக எடுத்துக்கொண்டதைக் காட்டும் கணக்கு அது. கேட் புஷ் பாடிய 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985-இல் வெளிவந்தபோது பிரிட்டனின் விற்பனை வரிசையில் மூன்றாம் இடம் வரை சென்றது. ஓர் அமெரிக்கத் தொடரில் ஒலித்த பிறகு, 2022-இல், 37 ஆண்டுகள் கழித்து அதே வரிசையில் முதலிடம் பிடித்தது. "தொடர் வந்ததாலதானே?" என்று எதிர்வாதம் வரும். தொடர் கதவைத் திறந்துவிட்டது உண்மைதான்; ஆனால் அதே தொடரில் ஒலித்த மற்றப் பழைய பாடல்கள் எல்லாம் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை என்பதை அமைதியாக நினைவூட்டுங்கள். பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்பு 1973-இல் வந்தது. 1988-ஆம் ஆண்டுக்குள் அது அமெரிக்காவின் முதல் 200 தொகுப்புகளின் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்துவிட்டது. 1988-இல் அதை வாங்கியவர்களில், அது வெளிவந்த ஆண்டில் தொட்டிலில் கிடந்தவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? எண்களை இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற வாதம் முழுவதும் காதில் நடக்க வேண்டும்.

அதற்குக் கருவி சரியாக இருக்க வேண்டும். கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே பாட்டைப் போட்டுக் காட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. விரல் நகம் அளவே உள்ள அந்த ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளுக்கு வேண்டிய அளவு காற்றைத் தள்ள முடியாது. ஆகவே பேஸ் கிட்டாரின் பெரும்பகுதி அதில் மறைந்துபோகிறது. மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டு முழுவதும் பேஸின் நடை மேல்தான் நிற்கிறது. அதைக் கைப்பேசியில் கேட்டவர், தூண் இல்லாத பந்தலைப் பார்த்துவிட்டு இது என்ன பந்தல் என்று கேட்கிறார். கடற்கரை மணலில் உட்கார்ந்து கேட்கலாம் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கரையில் ஆடிக் காற்று எழுந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. வீட்டுக்குள், மின்விசிறியைக் குறைத்து வைத்து, இருப்பதில் நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். ஸ்பீக்கர் இல்லையென்றால் இயர்போன் போதும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டாரைத் தனியாகப் பின்தொடர்ந்து பழகியவர்கள் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்டவரிடம் 1969-இல் வந்த பீட்டில்ஸின் 'சம்திங்' பாட்டைக் கொடுத்து, பால் மெக்கார்ட்னியின் பேஸை மட்டும் கேட்கச் சொன்னால், அதற்கு மேல் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இயர்போன் விஷயத்தில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த முறை கைக்கு வந்ததே அதில்தான். சென்ற ஆண்டு என் அக்கா மகனும் நானும் ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே இயர்போன். ஒரு முனை அவன் காதில், மற்றொன்று என் காதில். பீட்டில்ஸின் முதல் தொகுப்பை, 1963-இல் வந்ததை, ஓடவிட்டிருந்தேன். பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறும்போது, "மாமா, இதுல பாடவே மாட்டேங்கிறாங்களே, வெறும் மியூசிக்தான் வருது" என்றான். என் காதில் குரல்கள் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தன, கருவிகள் தூரத்தில் கேட்டன. அந்தக் காலத்தில் அவர்கள் இரண்டே தடங்கள் கொண்ட டேப்பில், ஒன்றில் கருவிகளையும் மற்றொன்றில் குரல்களையும் பதிந்து, பிறகு இரண்டையும் ஒரே ஒலியாகக் கலந்து மோனோவாக வெளியிடுவதையே முதன்மையாகக் கருதினார்கள். ஸ்டீரியோ வட்டுக்காக அதே இரண்டு தடங்களை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வைத்துவிட்டார்கள். அதன் பயனாக, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேருந்து இருக்கையில் கருவிகளை அவனும் குரல்களை நானும் பங்கிட்டுக்கொண்டோம்.

முனைகளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். தொகுப்பின் கடைசிப் பாட்டான 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' வந்தது. அந்தத் தொகுப்பில் உள்ள 14 பாடல்களில் 10 பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில் பதிந்து முடித்தார்கள் என்பதையோ, அன்று ஜான் லெனனுக்குச் சளி பிடித்திருந்தது என்பதையோ, அவருடைய தொண்டை போய்விடும் என்று அஞ்சி இந்தப் பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தார்கள் என்பதையோ நான் அவனிடம் சொல்லவில்லை. குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன், பாட்டு பாதிகூட முடியாதபோது என் பக்கம் திரும்பி, "மாமா, இவருக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்றான். அந்த ஒரு கேள்விக்காக நான் ஐந்து ஆண்டுகள் பேசியிருக்கிறேன். அதன் பிறகுதான் அந்த நாளின் கதையையும், முதல் எடுப்பிலேயே பாடி முடித்த அந்தப் பதிவைத்தான் நாம் கேட்கிறோம் என்பதையும் சொன்னேன். மண்டபம் ஊரைத் தாண்டும் வரை அதையே திரும்பத் திரும்பப் போட்டான். நீங்களும் செய்து பாருங்கள். பழைய ஸ்டீரியோ பதிவைத் தேடி எடுக்க வேண்டும், ஏனென்றால் 2023-இல் வந்த புதிய கலவையில் இந்தப் பிரிவினையைச் சரிசெய்துவிட்டார்கள்.

அன்று புரிந்தது இதுதான்: ஒரு பாட்டுக்கு ஒரே ஓர் இடத்தை மட்டும் காட்ட வேண்டும்; காட்டும் இடம் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு ஒட்டியிருக்க வேண்டும்; விளக்கத்தை அவர் கேள்வி கேட்ட பிறகு சொல்ல வேண்டும்.

தாளம் தெரிந்தவருக்குத் தாளத்தைக் கொடுங்கள். என்னிடம் கற்கும் பையன் ஒருவனுடைய தந்தை தவில் வாசிக்கிறார். அவனிடம் ராக் இசை என்றாலே ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று தட்டுவதுதான் என்ற முடிவு உறுதியாக இருந்தது. பெரும்பாலும் அது உண்மையும்கூட, மறுக்க வேண்டியதில்லை. அவனுக்குப் பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' பாட்டைப் போட்டு, கையில் எண்ணச் சொன்னேன். பணத்தைப் பற்றிய பாட்டு அது. தொடக்கத்தில் கல்லாப்பெட்டி திறக்கும் ஓசை, நாணயங்கள் சிதறும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை என்று ஏழு ஓசைகள் சுழன்று வரும். கணினி இல்லாத காலம் என்பதால், ஒவ்வோர் ஓசையையும் டேப்பில் பதிந்து, அளவுகோலால் அளந்து வெட்டி, ஒன்றோடொன்று ஒட்டி வளையமாக்கி ஓடவிட்டார்கள். நாணய ஓசைக்காக ரோஜர் வாட்டர்ஸ், தம் மனைவி மண்பாண்டக் களிமண் பிசையும் பெரிய கிண்ணத்தில் காசுகளை வீசிப் பதிந்தார். அந்த வளையத்தின் மேல் பேஸ் கிட்டார் வந்து சேர்கிறது. பையன் நான்கு நான்காக எண்ணினான், சுற்று ஒட்டவில்லை. எட்டாக எண்ணினான், அப்போதும் ஒட்டவில்லை. மூன்றாவது முறை அவன் உதடு தானாகவே 'தகிட தகதிமி' என்றது. ஏழில் சுற்று வந்து சேர்ந்தது.

ஏழு எண்ணிக்கை கொண்ட நம் மிஸ்ர சாபு தாளத்தின் விரைவு இதில் இல்லை. ஒவ்வோர் எண்ணிக்கையும் தனித்தனி அடியாக நடக்கிறது. என்றாலும் ஏழின் அந்தச் சாய்வு, கடைசி எண்ணிக்கை முடிந்ததும் காலை முன்னதாகவே எடுத்து வைக்கச் செய்யும் அந்த அவசரம், அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. சாக்சபோனின் தனி வாசிப்பும் ஏழிலேயே செல்கிறது. பிறகு டேவிட் கில்மரின் கிட்டார் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் தாளம் நான்குக்கு மாறுகிறது. அதுவரை ஏழில் எண்ணிப் பழகிய கைக்கு, மேடுபள்ளமான பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு வந்தது போல இருக்கும். கடைசிச் சரணத்தில் மறுபடியும் ஏழு. இதைக் கேட்டுவிட்டு, "நாலுக்கு ஏன் சார் போனாங்க?" என்றான். கிட்டார் வாசிப்பவர் தடையின்றிப் பறப்பதற்கு அது வசதி என்று சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை, ஏழிலேயே பறந்திருக்கலாம் என்கிறான். அவன் தந்தையின் வாசிப்பைக் கேட்டவன் அப்படித்தான் சொல்வான். அவன் தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும், தாத்தா காலத்துப் பாட்டு என்று அவன் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

பாடற்குழுவில் இருப்பவர்களுக்கு வேறு இடம். குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' 1975-இல் வந்தது. கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடும். திரும்பி வரும் பல்லவி என்று அதில் ஒன்றும் கிடையாது. நடுப்பகுதியில் பெரிய தேவாலயத்தில் நூறு பேர் நின்று பாடுவது போன்ற ஒரு பெருங்குரல் எழும். அதைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் பாடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஐம்பது, எண்பது என்று பதில் வரும். பாடியவர்கள் மூன்று பேர். ஃப்ரெடி மெர்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் ஆகிய மூவரும் தங்கள் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் பதிந்தார்கள். ஓட்டி ஓட்டி டேப் தேய்ந்து, அதன் வழியே வெளிச்சம் தெரியும் நிலைக்கு வந்துவிட்டதாக அவர்களே பின்னாளில் சொன்னார்கள். உச்சத்தில் கிழித்துக்கொண்டு போகும் குரல் டிரம்ஸ் வாசிப்பவருடையது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுருதியில் நிற்பதற்கே எத்தனை ஒத்திகை வேண்டும் என்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆதலால் மூன்று என்ற எண் அவர்களுக்குச் செய்வதை எந்தப் புகழுரையாலும் செய்ய முடியாது.

"இது நம்ம இசை இல்லையே" என்ற மறுப்பு பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது. அதற்கு இந்தக் கரையைக் கொண்டே பதில் சொல்லலாம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல்தான். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வானொலியின் மத்திய அலை தரையைவிடக் கடல் மேல் வலுக்குறையாமல் வரும்; அதனால் தொலைவிலுள்ள நம் நாட்டு நிலையங்களைவிட இலங்கை வானொலி இங்கே தெளிவாகக் கேட்டது. அதன் அறிவிப்பாளர்களான மயில்வாகனத்தின் குரலையும் கே.எஸ். ராஜாவின் குரலையும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அதே கொழும்பிலிருந்து ஆங்கில ஒலிபரப்பும் உண்டு. என் தந்தையின் வானொலிப் பெட்டியில் முள்ளைச் சிறிது நகர்த்தினால் மேல்நாட்டுப் பாட்டு வந்துவிடும். பொருள் புரியாமலே அதைக் கேட்டுக்கொண்டு வலை பின்னுவார். பிறகு கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் டூ-இன்-ஒன் பெட்டியோடு கேசட்டுகளையும் கொண்டுவந்தார்கள். இந்தக் கரைக்கு இந்த இசை நேற்று வந்த விருந்தாளி இல்லை. ஃப்ரெடி மெர்குரியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா என்பதையும், சான்சிபார் தீவில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளியில் படித்தவர் என்பதையும் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம்.

மொழி புரியாதது உண்மையான தடை. அதைச் சிறிதாக எண்ணக் கூடாது. பாப் டிலனுக்கு 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் ஆங்கிலம் வராதவரிடம் அவரைக் கொண்டு தொடங்கவே மாட்டேன், ஏனென்றால் அவர் சொல்லில் வாழ்பவர். வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டே பாட்டைக் கேட்க வைப்பதும் இருவருக்கும் வேதனை. பொருளைத் தமிழில் முன்பே அறிந்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்ல வழி.

எங்களுக்கு அது போனி எம் குழுவின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. 1978-இல் உலகமெங்கும் ஒலித்த அந்தப் பாட்டை 1970-இலேயே ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு பாடியிருந்தது. அதன் சொற்கள் பெரும்பாலும் விவிலியத்தின் திருப்பாடல் 137-இலிருந்து வந்தவை. பாபிலோனின் ஆறுகளருகே உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுதோம், அந்நிய மண்ணில் ஆண்டவரின் பாடலை எப்படிப் பாடுவோம் என்ற அந்தத் திருப்பாடலைப் பிள்ளைகள் தமிழில் வழிபாட்டில் பாடியிருக்கிறார்கள். துள்ளும் தாளத்தில் ஓர் அகதிப் பாட்டு வந்து நிற்பதைக் கேட்டு ஒரு சிறுமி, "இவ்வளவு சோகத்துக்கு ஏன் இவ்வளவு சந்தோசமா மெட்டு?" என்று கேட்டாள். மண்டபத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்கள் கல்யாண வீட்டில் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பதிலை அவளே யோசித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

எதிர்த்தரப்பில் உள்ள உண்மைகளை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது அவசியம். அன்றும் மோசமான பாடல்கள் ஏராளமாக வந்தன. ஏலக்கூடத்துக்குக் கூடையில் போவதை மட்டும் பார்த்துவிட்டு வலையில் வந்தது எல்லாமே வஞ்சிரம் என்று பேசக் கூடாது. அடுத்தது கடன். ராக் இசை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ் இசையிலிருந்து வளர்ந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. லெட் செப்பலின் என்ற ராக் குழு தம் வரிகளை எடுத்துக்கொண்டதாகப் புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் வழக்குத் தொடுத்து, 1987-இல் உடன்பாடு ஏற்பட்டது. இவற்றை மறைத்துவிட்டு வாதாடினால், பின்னாளில் அந்தப் பிள்ளை தானாக அறிந்துகொள்ளும்போது நாம் சொன்ன அனைத்தும் பொய்யாகிவிடும். சொல்லிவிட்டால், அதே பிள்ளை மடி வாட்டர்ஸையும் தேடிக் கேட்கும். என் மாணவர்களில் இருவர் அப்படிப் போயிருக்கிறார்கள். கலைஞர்களின் தனிவாழ்க்கையைப் பற்றிக் கேட்டால், தவறு செய்தவர் தவறு செய்தவரே என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் பாட்டுக்குத் திரும்புங்கள்.

ஒரு மாலைக்கு இரண்டு பாடல்களுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் கைப்பேசியை எதிரில் இருப்பவரிடம் கொடுத்து, அவருக்குப் பிடித்த புதுப்பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட அதே கவனத்தை அதற்கும் கொடுங்கள். அதில் பேஸ் எங்கே இருக்கிறது, குரல் எத்தனை அடுக்கு என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள். நான் இதை மரியாதைக்காகச் செய்யத் தொடங்கினேன். இப்போது என் கைப்பேசியில் அவர்கள் கொடுத்த பாடல்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன.

குயீன் பாட்டைக் கேட்ட மூன்று பிள்ளைகள், அதற்கு இரண்டு வாரம் கழித்து, எங்கள் வழிபாட்டுப் பாட்டு ஒன்றின் நான்கு வரிகளைத் தங்கள் குரலில் கைப்பேசியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கு பதிந்து எடுத்துவந்தார்கள். ஐந்தாவது அடுக்கில் சுருதி சற்று இறங்கியிருந்தது. அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஓர் அடுக்கைத் திரும்பப் பதிவதிலேயே போயிற்று.